ராமுத்தாய் அக்காவுக்கு ஓட்டு

திண்டுக்கல் சி.பி.யு. சங்கத்தில் நாலாயிரத்து முந்நூறு பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் தன் பிள்ளைகள் என்று ஃபாரிஸ் நினைத்துக்கொண்டிருந்தான். பிள்ளைகளுக்கு அது தெரியாது.

கல்லூரி முதலாம் ஆண்டில், நாகல் நகர் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஏழு பேரோடு அவன் தொடங்கிய டெலிகிராம் குழு அது. கம்ப்யூட்டரில் கோளாறு என்றால் யாரும் கேட்கலாம், தெரிந்தவர் பதில் சொல்லலாம். பதிலுக்கு நன்றியாக அதிகக் கும்பிடு எமோஜி பொம்மை வாங்கியவருக்கு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ‘இந்த வார டாக்டர்’ பட்டம். பொம்மைகளை எண்ணிப் பட்டம் கொடுப்பவன் ஃபாரிஸ். அறுபத்தோரு வாரம் பட்டம் வாங்கியவனும் ஃபாரிஸ். முறைகேடு எதுவும் இல்லை. அவனளவுக்கு வேறு யாரும் சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் நெய்க்காரப்பட்டியிலிருந்து சுகன்யா வந்து சேர்ந்தாள்.

“ஏனுங்க, ஒருக்கா வயரைப் புடுங்கி மாட்டிப் பாத்தீங்களா?” என்று கேட்பாள். ஐந்தில் நாலு கோளாறு அதோடு சரியாகிவிடும். ஃபாரிஸ் இரண்டு பக்கத்துக்கு எழுதி முடிப்பதற்குள் கேட்டவர் அந்தக் கம்ப்யூட்டரிலேயே படம் பார்க்கத் தொடங்கியிருப்பார். ஐந்து வாரம் அவளே டாக்டர். ஆறாவது வாரம் ஃபாரிஸ் பொம்மைகளை மூன்று தடவை எண்ணினான். மூன்று தடவையும் அவளே வந்தாள்.

“ஏலே, அந்தப் புள்ள நல்லாத்தானே சொல்லுது? உனக்கு எங்க எரியுது?” என்றான், பழைய ஏழு பேரில் ஒருவனான ஆசாத்.

“எரியலடா. ஆழம் பத்தாதுங்கிறேன். வயரைப் புடுங்குறதெல்லாம் ஒரு வைத்தியமா?”

“போன வாரம் உன் பிரிண்டரே அதுலதான்டா சரியாச்சு.”

ஆழம் பத்தாது என்பதை ஊருக்குக் காட்ட, அம்மா நர்கீஸின் பழைய போனில் ராமுத்தாய் பிறந்தாள். பிறக்கும்போதே வயது ஐம்பத்திரண்டு. நத்தம் பக்கம் மாந்தோப்பு வீடு. மகன் துபாயில், அவன் விட்டுப்போன கம்ப்யூட்டர் கூடத்தில். அவள் கேட்ட கேள்வி இது:

“சாயங்காலம் நாலு மணியானா கம்ப்யூட்டரு தானா அணைஞ்சு போகுது அப்பு. கரண்டு இருக்கு, லைட்டு எரியுது. எனக்குப் பயமா இருக்கு.”

அப்படியொரு கோளாறு உலகத்தில் கிடையாது. ஃபாரிஸ் பத்து நிமிஷம் யோசித்துத் தயாரித்தது.

சுகன்யா வயரைப் பிடுங்கச் சொன்னாள். ராமுத்தாய் பிடுங்கிவிட்டதாகச் சொன்னாள். சுகன்யா தோற்பதை ஊர் பார்க்க மூன்று நாள் இழுக்க வேண்டியிருந்ததால் நடுநடுவே நாத்தனாரையும் புளி உலுக்கியதையும் எழுதினான். “நேத்து மவுசு வயரை ஆடு மென்னுருச்சு அப்பு” என்றதற்கு அறுநூறு பேர் சிரித்தார்கள். “அக்கா சாப்டீங்களா, இன்னிக்கி என்ன வெஞ்சனம்?” என்று காலையிலேயே விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஃபாரிஸ் சாப்பிட்டானா என்று மூன்று வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

நாலாம் நாள் சுகன்யா எழுதினாள்: “ஏனுங்க அக்கா, தோட்டத்துக்கெல்லாம் த்ரீ பேஸ் கரண்டு விடுற நேரமுங்களா அது? பக்கத்துத் தோப்புல எல்லாரும் ஒண்ணா மோட்டாரு போட்டா வோல்டேஜ் எறங்கிருமுங்க. லைட்டு மங்கலா எரியும், கம்ப்யூட்டரு தாங்காது. ஸ்டெபிலைசர் வச்சுப் பாருங்க.”

‘இங்க மோட்டாரே இல்லை’ என்று ராமுத்தாய் தட்டுவதற்குள் நத்தம் பக்கத்துக்காரர்கள் பதினாறு பேர் முந்திக்கொண்டார்கள்: எங்க வீட்லயும் இதேதான்! ஞாயிற்றுக்கிழமைக்குள், இல்லாத அந்தக் கோளாறு ஒன்பது வீடுகளில் குணமாகிவிட்டது.

மின்சாரம் வேறு, கம்ப்யூட்டர் வேறு என்று காரணம் சொல்லி ஃபாரிஸ், சுகன்யா குழுவில் எழுத முடியாதபடி ஒரு வாரத்துக்கு வாயை அடைத்தான். குழு கொதித்தது. “நான் வளத்த சங்கம். வேணும்னா தேர்தல் வச்சுக்கங்க” என்று அவன் எழுதியது கோபத்தில் மட்டும் அல்ல, நம்பிக்கையிலும்தான். ஆசாத் ஓட்டெடுப்பில் ஃபாரிஸ், சுகன்யா என்று இரண்டு பெயர் போட்டான். சடையாண்டி என்ற தபால்காரர் கேட்டுக்கொண்டதால் மூன்றாவதாக ஒரு பெயரும் சேர்த்தான்.

ராமுத்தாய் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. சுகன்யா எண்ணூற்று நாற்பது. ஃபாரிஸ் நாற்பத்தொன்று. அந்த நாற்பத்தொன்றில் ராமுத்தாயின் ஓட்டும் உண்டு.

அந்தப் பொம்பளையிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று அவனுக்குப் புரியவே இல்லை. ஹார்ட் டிஸ்க் எது, கீபோர்டு எது என்று தெரியாதவள். அது அவனுக்கு உறுதியாகத் தெரியும். ராமுத்தாயாக நன்றி சொல்ல ஒரு வரி எழுதிப் போட்டான், அதற்கும் எழுநூறு கும்பிடு. பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையிலிருந்த தன் போனிலிருந்து இடது கையிலிருந்த அம்மா போனுக்குச் சங்கத்தை மாற்றிக் கொடுத்தான்.

அடுத்த நிமிஷம் ஆசாத் எழுதினான்: “அக்கா, மொத வேலையா ஃபாரிஸைத் தூக்குங்க. மனசு வரலேன்னா பொறுப்பைச் சுகன்யாகிட்டக் குடுத்துருங்க.”

கீழே முந்நூறு கட்டைவிரல்.

ஃபாரிஸ் இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தான். தான் இல்லாத சங்கத்தை நினைத்தான். சுகன்யா நடத்தும் சங்கத்தை நினைத்தான். இடது கை கட்டைவிரல் ஃபாரிஸை நீக்கியது.

குழு ஆரவாரித்தது. வலது போன் அமைதியாகிவிட்டது. உள்ளே இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பதை வெளியே நின்று பார்க்கப் பொறுக்கவில்லை. அரை மணி தாங்கினான். பிறகு சேரும் சுட்டியைத் தட்டி விண்ணப்பித்தான். இடது போன் அதிர்ந்தது: ஃபாரிஸ் சேர விரும்புகிறார்.

அனுமதி என்பதன் மேல் விரல் போன நேரம், ராமுத்தாய்க்குத் தனியாக ஒரு செய்தி வந்தது.

“அக்கா, அவரு பாவமுங்க. சங்கமே அவரு ஆரம்பிச்சதுதானுங்க. எனக்காகச் சேத்துக்கோங்க. சுகன்யா.”

“ஏன்டா, என் போனைக் கொண்டாடா, உன் தங்கச்சி ஃபாயிஸாகிட்டப் பேசணும்” என்று கீழேயிருந்து அம்மா கூப்பிட்டாள்.

“வாரேம்மா, ஒரே ஒரு வேலை.”

சுகன்யா சிபாரிசில் உள்ளே போவதா? அவன் நிராகரி என்பதை அழுத்தினான்.