அண்ணன் வராமல் இருப்பாரா

நாகவல்லி இரண்டாவது ஐஸ் பாளத்தைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான், எம்.எல்.ஏ. வரும்வரை பிணத்தை எடுக்கப்போவதில்லை என்று சித்தப்பா பரந்தாமன் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தாள்.

"அவரு எதுக்கு சித்தப்பா? இன்னிக்கி அவரு சபையில இருக்கணும்."

"சபை நாளைக்கும் கீது நாகு. எங்கண்ணன் நாளைக்கு இருப்பாரா? காலையிலயே சொல்லி அனுப்பிட்டேன். மூணு மணிக்கு ராகுகாலம், அதுக்குள்ள வந்துடுவாரு."

இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள், தாடையை வெள்ளைத் துணியால் கட்டி உள்ளே கிடந்தார். இருபத்தாறு வருஷத்தில் அப்பாவின் வாய் மூடியிருந்து அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அப்பா வீராசாமி ஒரு ஃபவுண்டரியில் ஹெல்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கள்ளிக்குப்பத்தில் அவர்கள் தெருவோடு சேர்த்து நூற்றுப்பன்னிரண்டு வீடுகள் வற்றிப்போன ஏரிக்கரையில் இருந்தன. அரசாங்க ரிஜிஸ்தரில் மட்டும் ஏரி இன்னமும் ததும்பிக்கொண்டிருந்தது. ஏரி நிலத்தில் இருப்பவர்களைக் காலி செய்ய ஒரு மசோதா வரப்போகிறது என்று பேப்பரில் படித்த நாளிலிருந்து அவர் வீடு தங்கவில்லை. பத்து வருஷம் குடியிருந்தவர்களுக்கு மாற்று இடம் கொடுத்த பிறகே காலி செய்ய வேண்டும் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை மசோதாவில் சேர்க்கச் சொல்லி எட்டு மாதம் எம்.எல்.ஏ.க்கள் விடுதியில் நாற்பத்துமூன்று கதவுகளைத் தட்டினார். பன்னிரண்டு பேர் டீ கொடுத்தார்கள். ஒருவர் அவரையே டீ வாங்கி வரச் சொன்னார். வரியை வாங்கிக்கொண்டவர் தொகுதி எம்.எல்.ஏ. உத்தமன் ஒருவர்தான்.

திருத்தம் உத்தமன் பெயரில் பதிவானது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் சபாநாயகர் பெயரைக் கூப்பிடும்போது அவர் எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். "கூப்புடச்சொல்ல ஆளு சீட்ல இல்லன்னா திருத்தம் பூட்ச்சி. அடுத்த பேருக்குத் தாவிடுவாங்கோ" என்று வீராசாமி சோற்றைப் பிசையும்போதெல்லாம் சொல்வார். செவ்வாய்க்கிழமை விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

நாகவல்லி முனையிலிருந்த கோவிந்தனின் டெலிபோன் பூத்துக்கு ஓடினாள். எம்.எல்.ஏ.வின் உதவியாளர் ரகுநாதன் எடுத்தார்.

"சார், கள்ளிக்குப்பம் வீராசாமி பொண்ணு பேசறேன்."

"கேள்விப்பட்டோம்மா. அண்ணன் ஆடிப் பூட்டாரு. அங்கதான் கெளம்பிகினு கீறாரு."

"வர வேணாம் சார். சபையிலயே இருக்கச் சொல்லுங்க."

சாவு வீட்டிலிருந்து ஒரு எம்.எல்.ஏ.வை வராதே என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"இன்னாம்மா, அண்ணன் மேல கோவமா?"

"கோவம்லாம் இல்ல சார். அந்தத் திருத்தம்..."

"போன மாசம் உங்க தெருவுல ஜம்புலிங்கம் சாவுக்கு வரல. அத மனசுல வெச்சிகினு பேசற. புரியுது."

"நெசமாவே வேணாம் சார். உங்க கால்ல உழறேன்."

"அழாதம்மா. நீ இவ்ளோ நொந்துபோயி சொல்லச்சொல்ல அண்ணன் வராம இருப்பாரா?"

வைத்துவிட்டார். மறுபடி சுழற்றினாள், எங்கேஜ்டு. நான்கு தடவை எங்கேஜ்டு. கோவிந்தன் அவளை ஒரு புது மரியாதையோடு பார்த்தான்.

"இன்னாக்கா, எம்.எல்.ஏ.வையே வராதன்னுட்ட?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். வேம்புலியம்மாள் தலைமாட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். விசிறி நிற்கவில்லை.

"வரட்டும் உடு. எட்டு மாசம் இவுரு அந்தாளு வாசல்ல நின்னாரு. ஒரு நாளு அந்தாளு இவுரு வாசல்ல நிக்கட்டுமே."

நாகவல்லிக்கும் அந்த ஆசை இருந்தது என்பதுதான் கேவலம்.

இரண்டே காலுக்கு மூன்று கார்கள் வந்தன. முதலில் மாலை இறங்கியது, பிறகு உத்தமன். மேளம் நின்றது. அவர் மாலையைப் போட்டுவிட்டு, "இந்த மாதிரி ஒரு மனுசன..." என்று குரல் உடைந்தார். போட்டோக்காரருக்கு ஃபிளாஷ் எரியவில்லை. இன்னொரு தடவை உடைந்தார்.

நாகவல்லி கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

"சார், மசோதா இன்னிக்கி..."

"தெரியும்மா. எப்படியும் நாலு மணி ஆக்கிடுவாங்க. நான் போயிடுவேன்."

சபை நடக்கும் கோட்டைக்குப் போக ஒரு மணி நேரம் ஆகும். அவர் திரும்பினார். பரந்தாமன் குறுக்கே நின்று கும்பிட்டார்.

"தலைவரே, ஒரு நாலடி தோள் குடுத்துட்டுப் போங்கோ. எங்கண்ணன் ஆத்மா குளுந்துடும்."

உத்தமன் கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார். நாலடி என்பது தெருமுனை வரைக்கும் போயிற்று. பட்டாசு வெடித்தது. தெருவில் யாருக்கும் இப்படி ஒரு சாவு நடந்ததில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். கார்கள் கிளம்பியபோது மணி இரண்டு ஐம்பது.

பிணம் போன பிறகு வீட்டைக் கழுவ வேண்டும். நாகவல்லி அடிபம்பில் தண்ணீர் அடித்து வந்து உள்ளறையிலிருந்து ஆரம்பித்தாள். கூடம் முடிந்து வாசலுக்கு வந்தபோது கோவிந்தன் எதிரில் நின்றான்.

"ரகுநாதன் சார் போன் பண்ணாருக்கா. மூணு இருபதுக்கே பேரக் கூப்ட்டுட்டாங்களாம். அண்ணன் அப்ப அமிஞ்சிக்கரைல கீறாராம்."

அவள் துடைப்பத்தைத் தரையில் தட்டினாள்.

"மசோதா?"

"ஆமாம்னு கத்திப் பாஸ் பண்ட்டாங்களாம். அந்த வரி இல்லாமத்தான்." கோவிந்தன் தயங்கினான். "அண்ணன் உன்னாண்ட சொல்லச் சொன்னாராம். காரியத்துக்கும் கண்டிப்பா வந்துடறாராம்."

அவன் போன பிறகு அவள் இன்னொரு குடம் கொண்டுவந்து வாசற்படியில் ஊற்றினாள். படியின் ஓரத்தில் சிமெண்ட் பெயர்ந்து போன இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது. அதைத் துடைப்பத்தால் தள்ளிப் பார்த்தாள், போகவில்லை. பழைய துணி ஒன்றைக் கொண்டுவந்து உட்கார்ந்து, ஒற்றி ஒற்றி எடுக்க ஆரம்பித்தாள்.