கலியாணம் வரைக்கும் தள்ளிப்போட்ட ஊசி

வெள்ளவத்தை ரயில் ஸ்ரேசனில் சிவானந்தன் தன் மகள் யதுஷாவை மேடையின் கடைசி முனைக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். அங்கே நிழல் இல்லை, வெயில் சுடும். ஆனால் தெரிந்தவர்கள் வரமாட்டார்கள். அப்படித்தான் அவர் நினைத்தார். கீழ் மாடி வீட்டு றொஹான் தூரத்தில் இருந்தே கையைக் காட்டிக்கொண்டு வந்தான்.

“எங்க அங்கிள், காலமையே பயணம்?”

“பாணந்துறையில ஒரு காணி பாக்க.”

“அடேயப்பா. எத்தினை பேர்ச்?”

“பத்து,” என்றார் சிவானந்தன். பிறகு என்ன நினைத்தாரோ, “நல்ல தண்ணியாம்,” என்று சேர்த்தார். யதுஷா கடலைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

காணியும் இல்லை, தண்ணியும் இல்லை. அவர்கள் போனது நரம்பு டொக்டரிடம். போன வருஷம் யதுஷாவின் வலது கண் சில கிழமைகள் மங்கலாகி, பிறகு தானாகத் தெளிந்தது. இப்போது இடது பாதம் மரத்துவிட்டது. செருப்புக் கழன்று விழுந்தாலும் அவளுக்குத் தெரிவதில்லை. வெள்ளவத்தையில் எந்த டொக்டரைச் சனல் பண்ணி நம்பர் எடுத்துப் போனாலும் பக்கத்துக் கதிரையில் ஒரு சொந்தக்காரர் இருப்பார். அக்கா சிவானிக்குக் கொட்டாஞ்சேனையில் தேனுஜன் என்ற மாப்பிள்ளை சரிவந்து, தை மாதம் கலியாணம். இந்த நேரத்தில் தங்கச்சிக்கு நரம்பு வருத்தம் என்று கதை போனால் என்ன ஆகும்? அதனால்தான் பாணந்துறை.

டொக்டர் அஸ்கா, அவர்கள் எடுத்துக்கொண்டு வந்த ஸ்கேனை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு யதுஷாவின் பக்கம் திரும்பினார்.

“மகள், இது மல்ரிபிள் ஸ்கிளரோசிஸ் மாதிரித் தெரியுது. உடம்பிட காவல்படை பிழையா விளங்கி, நரம்புக்கு மேல உள்ள உறையைக் கடிக்குது. வயருக்குக் கவர் உரிஞ்ச மாதிரி. உறுதியாச் சொல்ல, முதுகெலும்புக்குள்ள இருக்கிற தண்ணியைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கணும்.”

சிவானந்தன் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். “முதுகில ஊசியோ? இவளின்ர தாய்க்கு சிசேரியனுக்கு அப்பிடி ஒண்டு போட்டவை. இண்டைக்கும் நாரி நோவெண்டுதான் படுத்திருக்கிறா. தை மாசம் மூத்தவளுக்குக் கலியாணம். கலியாணம் முடியட்டும் டொக்டர், பிறகு பாப்பம்.”

“அந்தத் தண்ணி என்ன நிறம்?” என்று கேட்டாள் யதுஷா.

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். வலிக்குமா, எவ்வளவு செலவு என்று கேட்பவர்கள் உண்டு. நிறம் கேட்டவர்கள் குறைவு.

“குடிக்கிற தண்ணி மாதிரித் தெளிவா இருக்கும்.”

“எடுத்தாக் குறைஞ்சு போகாதோ?”

“ஒரு நாளைக்குள்ள உடம்பு திருப்பிச் சுரந்திடும். நரம்புத்தண்டு முடியிற இடத்துக்குக் கீழதான் ஊசி போகும். சில பேருக்குக் கொஞ்ச நாள் தலையிடி வரும், அவ்வளவுதான்.”

“அதுக்குள்ள என்னத்தைத் தேடுவீங்கள்?”

“காவல்படை அங்க வேலை செஞ்ச அடையாளத்தை. இன்னொண்டும் இருக்கு. நரம்பு உடையக்குள்ள ஒரு புரதம் கசிஞ்சு அந்தத் தண்ணில கலக்கும். அது கூடவா இருந்தா வருத்தம் வேகமாப் போகலாம் எண்டு ஊகிக்கலாம். எல்லா லாப்லயும் செய்ய ஏலாது, அனுப்பித்தான் பார்க்கணும்.”

“அப்ப எனக்கு என்ன நடக்கும் எண்டு அது சொல்லிடுமோ?”

“இல்ல மகள். மழை வரும்போல எண்டு சொல்லும், எந்த நேரம் எண்டு சொல்லாது. ஆனா சின்ன மருந்தா, பலமான மருந்தா, எதில தொடங்கிற எண்டு முடிவெடுக்க உதவும். பழுதான நரம்பு எல்லாம் திரும்பி வராது. அதுதான் தை மாசம் எண்டா எனக்குப் பயம்.”

“யோசிச்சுச் சொல்லுறம்,” என்று சிவானந்தன் எழும்பினார். யதுஷாவுக்குக் கேள்விகள் இன்னும் இருந்தன. ஆனால் அக்காவின் கலியாணம் தன்னால் குழம்பக்கூடாது. அவளும் எழும்பினாள்.

கதவைத் திறந்தால், எதிர் வாங்கில் மாப்பிள்ளையின் தாய் லோஜினியும் தகப்பனும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நீங்கள்... இஞ்ச?” என்றார் சிவானந்தன்.

லோஜினி சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். “ஒரு காணி விசயமா வந்தனாங்கள்.”

“ஆன்ரி,” என்றாள் யதுஷா, “அது எங்கட பொய்.”

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் தகப்பன். சிரித்தபடியே காற்சட்டைப் பொக்கெற்றுக்குள் இருந்த வலது கையை வெளியே எடுத்தார். அது தன்பாட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது.

“இந்தா, இதுதான் எங்கட காணி. ஒரு வருசமா ஒளிச்சு வைச்சுக்கொண்டு திரியிறன். நேற்றுத் தேத்தண்ணி மடியில கொட்டுப்பட்ட பிறகுதான் இவ இஞ்ச வரவே விட்டவ. மருந்து தொடங்கிறதெண்டா, கலியாணம் முடியட்டுமாம்.”

“பின்ன? பொம்பிளை வீட்டுக்காரர் அறிஞ்சா என்ன நினைப்பினம்?” என்றார் லோஜினி. பொம்பிளை வீட்டுக்காரர் முன்னாலேயே நின்றார்கள்.

“பிள்ளைக்கு என்ன?” என்று கேட்டார் மாப்பிள்ளையின் தகப்பன். சிவானந்தன் “விற்றமின்...” என்று தொடங்குவதற்குள் யதுஷா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். உறையைக் கடிக்கும் காவல்படை, தெளிந்த தண்ணி, கசியும் புரதம், ஒன்றையும் விடவில்லை. அவர் வாயைப் பிளந்து கேட்டார்.

“சோக்கான விசயமாக் கிடக்கு. அப்ப எப்ப எடுக்கப்போறியள்?”

யதுஷா அப்பாவைப் பார்த்தாள். “கலியாணம் முடிய.”

சிவானந்தன் அந்த நடுங்கும் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வருஷம். அவர் சொன்ன அதே சொற்கள்தான் அந்தக் கையையும் பொக்கெற்றுக்குள் வைத்திருந்தன. திரும்பி, டொக்டரின் கதவைத் தட்டினார்.

“டொக்டர், இவளுக்கு எப்ப எடுக்கலாம் எண்டு...” பாதியில் நிறுத்தி மகளை முன்னே விட்டார். “நீ கேள். உன்ர முதுகு.”

“இந்தக் கிழமையே எடுக்கலாமோ டொக்டர்?” என்றாள் யதுஷா.

லோஜினி வாங்கில் இருந்தபடியே மெல்லக் கேட்டார். “அப்ப சனம் கதைக்காதோ?”

“கதைக்கும்,” என்றார் சிவானந்தன். “இந்தச் சம்பந்தம் வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, நான் கோவிக்க மாட்டன். சிவானிக்கும் தேனுஜனுக்கும் ரெண்டு வீட்டு வருத்தத்தையும் இண்டைக்கே சொல்லுவம், அவை முடிவெடுக்கட்டும். நாங்கள் சனத்துக்குப் பயந்து வருத்தத்தை ஒளிக்கிறம். ஒளிச்சாலும் அது உள்ளுக்க தன்ர வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். கலியாணத்தைத் தள்ளிப்போடலாம், வைத்தியத்தைத் தள்ளிப்போடக் கூடாது.”