அபினின் வண்டி மலையேறுமா

என் வீட்டுக்காரர் தேவப்பிரியம் எந்த முடிவையும் என்னிடம் கடைசியாகத்தான் சொல்வார். ஜீஷானை வரச் சொல்லியிருப்பதை அவர் வாய் திறந்து சொன்னது ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் சர்ச்சுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது. வீடு பெருக்கவில்லை, கறி வாங்கவில்லை. கோபத்தில் சேஃப்டி பின்னை விரலில் குத்திக்கொண்டேன்.

"அவன் எதுக்கு இப்போ?"

"வண்டிய பாக்கதுக்கு. மலைக்குப் போவுமா போவாதான்னு அவன்தான சொல்ல முடியும், ரெஜினா?"

வண்டி எங்கள் மகன் அபினுடையது. அபின் போய் இரண்டு வருஷமாகிறது. டெங்குக் காய்ச்சல். இருபத்தாறு வயது. வேறென்ன சொல்ல?

வண்டி பழசு. உயரமான டீசல் வண்டி, ஃபோர் வீல் டிரைவ். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதே அது ஊரெல்லாம் சுற்றி முடித்திருந்தது. இப்போது மீட்டரில் ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர். லீவு கிடைத்தால் போதும், அபினும் அவன் சிநேகிதன் ஜீஷானும் அதை எடுத்துக்கொண்டு நாகலாபுரம், ஜவ்வாது மலை என்று கிளம்பிவிடுவார்கள். ஆஃப் ரோடாம். ஊரில் நல்ல ரோடு கேட்டு அவனவன் மறியல் செய்கிறான், இதுகள் ரோடு இல்லாத இடமாகத் தேடிப் போகுதுகளே என்று நான் திட்டுவேன். அபின் சிரிப்பான். அப்பாவையும் கூப்பிடுவான். திருவொற்றியூரில் எங்களுக்கு இரும்புக் கடை. ஞாயிற்றுக்கிழமையும் பாதி ஷட்டர் திறந்திருக்கும். "பொறவு போவோம்லே" என்பார் இவர். ஒருமுறைகூடப் போனதில்லை.

அவன் போன பிறகு வண்டியை யாரும் வெளியே எடுக்கவில்லை. இவர் அவ்வப்போது ஸ்டார்ட் செய்து உறுமவிட்டு நிறுத்துவார். ஆனால் தினமும் விடியுமுன் கழுவுவார். மேலே சும்மா ஒரு துடைப்பு. ஹோஸைப் பிடித்துக்கொண்டு முட்டிபோட்டு அடிப்பக்கத்துக்குத்தான் அவ்வளவு நேரமும். "அடியிலதாம்ப்பா சேறு நிக்கும், அங்கதான் நல்லா அடிக்கணும்" என்று அபின் எப்போதோ சொன்னது இவருக்கு வேதவாக்கு. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில்தான் எனக்குத் தினமும் விழிப்பு வரும். தூக்கம் கெட்டதென்று கத்துவேன். நிறுத்தச் சொன்னதில்லை. அவர் மகனோடு இருக்கிற நேரம் அதுதான் என்று எனக்குத் தெரியும்.

ஜீஷான் பத்து மணிக்கு வந்தான். தண்டையார்பேட்டைப் பையன், கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். அபின் போன பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே கொஞ்சம் தயங்கி நிற்பான். அன்றும் நின்றான். இவர்தான் அவன் தோளைப் பிடித்து இழுத்து வந்தார்.

"மக்கா, ஒரே ஒரு தடவ. நீ ஓட்டு, நான் பக்கத்துல இருக்கேன். அவன் போன அதே ஜவ்வாது மலைப் பாதை. போய்ட்டு வந்தப்பொறவு வண்டிய நீயே வச்சுக்க. ஆனா தாங்குமான்னு நல்லா பாத்துச் சொல்லு. ஓட்டம் கூடுதலாக்கும்."

"ஓட்டத்தப் பாத்து இன்னா அங்கிள் பயம்? ஒயுங்கா பாத்துக்கினா இன்னும் ஒரு லட்சம் ஓடும்" என்றான் ஜீஷான்.

அவன் பார்த்த அழகை நானும் சர்ச்சுக்குப் போகாமல் நின்று பார்த்தேன். இன்ஜினை ஓடவிட்டுப் புகையின் நிறத்தைப் பார்த்தான். ஆயிலைத் தொட்டுத் தேய்த்தான். கிளட்ச், பிரேக், ஃபோர் வீல் கியர் எல்லாம் போட்டுத் தெருமுனை வரை போய் வந்தான். ஒவ்வொன்றாக "சூப்பரா கீது அங்கிள்" என்று அவன் சொல்லச் சொல்ல, இவர் முகம் மகனின் ரிசல்ட்டைக் கேட்பவர் முகம்போல மலர்ந்தது. மலையில் குளிருமா, ஸ்வெட்டர் எடுக்க வேண்டுமா என்று கேட்டார். அவர் இப்படி எதையாவது ஆசையாகக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! எனக்கும் சந்தோஷமாக இருந்தது. போய்விட்டு வரட்டும் கர்த்தாவே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் ஜீஷான் ஒரு சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே படுத்தான். ஸ்க்ரூ டிரைவரால் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. வெளியே வந்தவன் கையெல்லாம் செந்தூள். எங்கள் இருவரையும் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"டயர் பழசாயிட்டுது அங்கிள். மழைக்காலம் போவட்டும், அப்பால பாத்துக்கலாம்."

"டயர் இன்னைக்கே மாத்திருவோம் மக்கா."

"இல்ல அங்கிள்... எனக்கும் வேல ஜாஸ்தி கீது..."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்லே மென்னு முழுங்குற? நேரா சொல்லு!" என்று கத்தினேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. "கீய சேசிஸ் துருப்புடிச்சுப் போயிட்டுது ஆன்ட்டி. ஸ்க்ரூ டிரைவர் உள்ள போவுது. மலைல ஒரு பள்ளத்துல எறங்கினா ரெண்டா ஒடிஞ்சிரும்."

"வெல்டிங் வைக்கலாம்லா?" என்றார் இவர்.

"வெல்டிங் புடிக்க இரும்பு வேணுமே அங்கிள்."

இவர் அந்தச் சாக்கில் படுத்து உள்ளே நகர்ந்தார். அறுபத்துமூன்று வயசு, முட்டி வலி. நானும் குனிந்து பார்த்தேன். அவர் விரல் வைத்த இடம் ஊறின பிஸ்கட்டாக உதிர்ந்தது. விரல் அந்தப் பக்கமே போய்விட்டது.

"கடல் காத்து அங்கிள்" என்றான் ஜீஷான் அவசரமாக. "இந்த ஏரியால எல்லா வண்டிக்கும் இப்டித்தான்."

நல்ல பிள்ளை. ஆனால் முப்பது வருஷம் இரும்பு விற்றவரிடம் அந்தப் பொய் எடுபடுமா? "காத்துன்னா மேலயும்லா தின்னுருக்கும்" என்றார் இவர் அடியிலிருந்தே.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் தெருவில் கடல் தண்ணீர் போர்வெல்லுக்குள் வந்து வருஷங்களாகின்றன. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பாத்திரம் கழுவினால் வெள்ளையாகப் பூக்கும். போர் தண்ணீருக்கு இரும்புக் குழாய் போடாதீர்கள், பிளாஸ்டிக் வாங்குங்கள் என்று கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்பவர் இவர். அபின் வண்டியை வெளியே வாட்டர் வாஷில்தான் கொடுப்பான். இவர் இரண்டு வருஷமாக ஒரு நாள் விடாமல், எந்த இடுக்கும் விடாமல், உப்புத் தண்ணீரை அடித்திருக்கிறார்.

"தெனமும் கழுவுனேனே, ரெஜினா" என்றார். அவ்வளவுதான். வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

தன் தோஸ்து ஒருவனின் வண்டியில் கூட்டிப்போவதாக ஜீஷான் கெஞ்சினான். "அது அவன் வண்டி இல்லையே மக்கா" என்று இவர் அவன் தலையைத் தடவினார். சாப்பிடச் சொன்னோம். சாப்பிடாமலே போனான்.

மறுநாள் எனக்கு விழிப்பு வந்தபோது தெரு வெளுத்திருந்தது. இவர் வழக்கம்போல லுங்கியை மடித்துக் கட்டிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எப்போது எழுந்தாரோ, தெரியவில்லை.

"இனி காலைல நான் என்ன செய்ய, ரெஜினா?" என்று கேட்டார்.

எல்லாவற்றுக்கும் வாய் வைத்திருக்கிறவள் நான். பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு வருஷமாக என் பிள்ளைக்காக அழுதிருக்கிறேன். இந்த மனுஷனுக்காக நான் அழுதது அன்றுதான்.