தனி விற்பனைக்கு அல்ல

அனுமந்தன்பட்டியில் ராமுத்தாய்க்குத் தலைக்கனம் அதிகம் என்று டீக்கடை ஈஸ்வரபாண்டி சொல்லாத நாள் கிடையாது. அதிகம்தான். ஆண்கள் மட்டுமே செய்துவந்த, திராட்சைக் கொடியை வெட்டிவிடும் கவாத்து வேலையைத் தானே கற்று, ஹேமாவதியோடு இன்னும் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கையில் கத்தரியோடு பந்தலுக்கு அடியில் நிற்பவளுக்குத் தலைக்கனம் இல்லாமல் வேறு யாருக்கு இருக்க வேண்டும்?

அந்தப் பேச்சு எப்படியோ சென்னைக்கு எட்டி, பெரிய பத்திரிகை ஒன்றிலிருந்து ஜெபஷீலா என்ற நிருபர் வந்தாள். படம் எடுத்தாள், பேட்டி எடுத்தாள், பழுக்காத திராட்சையைத் தின்று முகத்தைச் சுளித்தாள். "ஞாயித்துக்கிழமை இலவச இணைப்புல, முதல் பக்கம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ராமுத்தாய் சும்மா இருப்பாளா? ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடையில் நிற்க இடமில்லை. ஈஸ்வரபாண்டி அவளுக்குத் தூரத்து முறையில் மச்சான். கேலி பேச உரிமை உள்ளவர். அவர் பேப்பரை உதற, இணைப்பு விழுந்தது. முதல் பக்கத்தில் யாரோ ஒரு நடிகையின் மாடித்தோட்டம். எல்லாப் பக்கத்தையும் புரட்டினார்கள். ராமுத்தாய் இல்லை.

"எங்கனத்தா இருக்க? அந்தம்மாவுக்குப் பின்னாடி நிக்கிறியா?" என்றார் ஈஸ்வரபாண்டி. கடையே சிரித்தது.

ஜெபஷீலாவுக்குப் போன் போட்ட பிறகுதான் சங்கதி விளங்கியது. அந்த இணைப்பு சென்னைப் பதிப்போடு மட்டும் வருவது. தேனிப் பக்கம் வருவது மதுரைப் பதிப்பு. அதற்கு வேறு இணைப்பு. அவள் பக்கத்தைப் படமாக அனுப்பிவைத்தாள். ராமுத்தாய் அதைக் கொண்டுபோய் நீட்டினாள்.

"போன்லயா?" ஈஸ்வரபாண்டி உதட்டைப் பிதுக்கினார். "எம்பேரன் நேத்து என்னையப் புலி மேல உக்கார வச்சு அனுப்புனான். கையில பிடிக்கிற மாதிரி பேப்பரு இருந்தாக் கொண்டா, நம்புறேன்."

அன்றிலிருந்து அவள் பெயரே மாறிப்போனது. "இலவச இணைப்பு, டீ சாப்பிடுறியா?" என்று போகும்போதும் வரும்போதும் கேட்டார்கள். வேலையைக் குறை சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். அவள் சொன்ன சொல்லை அல்லவா சந்தேகப்பட்டார்கள்? பொய்க்காரி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் காதில் அதுதான் விழுந்தது. அழுகிற ஜாதி இல்லை அவள். ஆத்திரம்தான் வந்தது. நிஜப் பேப்பர் ஒன்று வேண்டும் என்று ஜெபஷீலாவைக் கேட்டுக்கேட்டு ஓய்ந்தாள். கிடைக்கவில்லை.

திராட்சை பழுத்தது. வெட்டு தொடங்கியது. பெட்டிக்கு அடியில் விரிக்கவும் மேலே மூடவும் பழைய பேப்பர் சென்னையிலிருந்து லாரியில் வரும். விற்காமல் கிடந்தது, மிஞ்சிப்போனது, பிரிக்கவே பிரிக்காதது எல்லாம் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். பேக்கிங் கொட்டகையில் ஹேமாவதி ஒரு கட்டின் கயிற்றை அறுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இங்கன வாங்க. ஒங்க மேலயே பழத்த அடுக்கப் பாத்தேன்."

கட்டு முழுக்க அதே இணைப்பு. ஒன்றை எடுத்தால் அடியில் இன்னொரு ராமுத்தாய், கத்தரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. பின்னால் ஹேமாவதியும் மற்ற மூவரும். ராமுத்தாய் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். மை விரலில் ஒட்டியது.

"எல்லாத்தையும் வீட்டுக்குக் கொண்டு போயிருவமாக்கா?"

"எதுக்கு? அடியில விரிக்காத, மேல மூடு. படம் வெளிய தெரியட்டும். நாம கவாத்து பண்ணுன பழம் நம்ம மூஞ்சியோடயே கேரளாவுக்குப் போகட்டும்."

மதியத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஈஸ்வரபாண்டி கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். வரிசை வரிசையாக அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். ஒரு பேப்பரைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, தேதி முதல் படித்தார்.

"நெசந்தான் ஆத்தா. நாந்தான் வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன்" என்றார். "இதுல ஒண்ணு குடு. கடையில ஒட்டி வைக்கிறேன்."

ராமுத்தாய் பக்கத்தின் மூலையில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினாள். "இதையும் படிங்க மச்சான். சத்தமா."

"இலவச இணைப்பு. தனி விற்பனைக்கு அல்ல."

"தனியாத் தரக்கூடாதுன்னு பத்திரிகைக்காரகளே போட்டுருக்காக. ஒரு பெட்டி பழம் வாங்குங்க. கூடவே வர்றேன்."

கொட்டகையே சிரித்தது. ஈஸ்வரபாண்டியும் சிரித்துவிட்டார். துண்டைச் சும்மாடாகச் சுற்றி, ஒரு பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு தெருவில் நடந்தார். அவர் தலைக்கு மேலே, பழத்துக்கும் மேலே, கத்தரியோடு ராமுத்தாய் போனாள்.

"கனமா இருக்கா மச்சான்?" என்று கொட்டகை வாசலில் நின்று கேட்டாள்.

"இருக்கத்தான ஆத்தா செய்யும்" என்றார் அவர், திரும்பாமல்.