பதினெட்டுப் பேர் ஏறலாம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவளை வீட்டில் எல்லோரும் ‘நடு’ என்றுதான் கூப்பிடுவார்கள். மேலே ஒரு அண்ணன், கீழே ஒரு தம்பி, நடுவில் இவள். ஐம்பதை எட்டப்போகிற பெண்ணை இப்படிக் கூப்பிடலாமா என்று யாரும் யோசித்ததில்லை. அவளுக்கும் அதில் குறை இல்லை.

அந்த ஐம்பதாவது பிறந்தநாளைப் படகில் கொண்டாடப் போவதாக அவள் சொன்னபோது, கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

“எந்தப் படகுல?”

“கேட்டமரான். முழுசா நமக்கு மட்டும் வாடகைக்கு. நாலு மணி நேரம்.”

“கட்டுமரமா? இடுப்பளவு தண்ணியில உக்காந்து கேக் வெட்டப் போறியா?”

அவள் போனில் படத்தைக் காட்டினாள். தண்ணீரில் மிதக்கும் இரண்டு நீளமான வெள்ளை உடல்கள், அவற்றை இணைத்து மேலே அகலமான தளம், நிழலுக்குக் கூரை, சுற்றி இருக்கைகள், முன்னால் படுத்துக்கொள்ள ஒரு வலை.

“நம்ம வார்த்தைதான். வெளியூர் போய்ச் சம்பாதிச்சு, வசதியாத் திரும்பி வந்திருக்கு” என்றாள்.

கணவர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “பிறந்தநாளே வேண்டாம்பே. இப்ப என்ன திடீர்னு? உள்ளே ஏதோ வச்சிருக்கே.”

வைத்திருந்தாள். அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருடம் ஆகிறது. கல்யாணமோ சாவோ, அண்ணன் காலையில் வந்தால் தம்பி சாயங்காலம் வருவான். தப்பித்தவறி ஒரே கூடத்தில் மாட்டிக்கொண்டால், யாராவது ஒருவருக்கு உடனே ஓர் அவசர வேலை முளைத்துவிடும். நடுக்கடலில் அப்படி எந்த வேலையும் முளைக்காது.

“ஏத்திவிட்டுக் கயிறை அவுத்துடப் போறே” என்றார் கணவர்.

“அவ்வளவுதான்.”

சண்டை அப்பாவின் அறுவைச் சிகிச்சையில் தொடங்கியது. தம்பி அப்போது வேலைக்காக வெகுதூரத்தில் இருந்தான். அவன் வந்து சேருவதற்குள் சிகிச்சை நடந்துவிட்டது, அப்பா எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி நடையில் அத்தனை பேர் பார்க்க, “எனக்காக ஒரு நாள் காத்திருக்க முடியலையா உனக்கு? நீதான் கொன்னுட்டே” என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னான் தம்பி. அண்ணன் வாயைத் திறக்கவில்லை. குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான்.

படகுக்காரர்களின் அலுவலகம் துறைமுகத்தின் ஓரத்தில் ஒரே ஓர் அறை. உயிர்காப்புச் சட்டைகள் ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தன. டீசல் வாசனையும் காப்பி வாசனையும் ஒன்றாக வந்தன. கேப்டன் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். வெயிலில் மூக்கு மட்டும் தோலுரிந்திருந்தது. அவள் போட்டிருந்த கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததை நடுவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்து, “குடுங்க மேடம்” என்று வாங்கி, திருகாணியை முறுக்கிக் கொடுத்த பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது.

“பதினெட்டுப் பேர் ஏறலாம். கைக்குழந்தையும் ஒரு ஆள்தான்” என்றாள் கேப்டன். “நீச்சல் தெரியாதவங்க எத்தனை பேர்?”

“பாதிக்கு மேல.”

“மூட்டு வலி?”

“அது எல்லாருக்கும்.”

“செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறணும். கண்ணாடி பாட்டில் வேண்டாம். சாப்பாடு மூடி போட்ட டப்பாவுல வரட்டும், காத்துல தட்டு பறக்கும்.”

நடு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல, “என் அண்ணன் வர்றது தம்பிக்குத் தெரியாது, தம்பி வர்றது அண்ணனுக்குத் தெரியாது. ஏறினப்புறம் பாத்துக்கிட்டாப் போதும்” என்றாள்.

கேப்டன் பேனாவை வைத்தாள். “கிளம்பறதுக்கு முன்னாடி படித்துறையில நின்னு நான் பேர் எல்லாம் சத்தமா வாசிப்பேன். ஒவ்வொருத்தரும் பதில் சொல்லணும். அப்புறம்தான் ஏத்துவேன்.”

“அதை மட்டும் கொஞ்சம் விட்டுட முடியாதா?”

“போன வருஷம் இப்படித்தான் விட்டேன். தன்னோட பழைய கூட்டாளியைப் பார்த்ததும் ஒருத்தர் சட்டை பேண்ட்டோட குதிச்சுட்டார். கரை பக்கத்துல இருந்ததால பொழச்சார், அவரோட போன் பொழைக்கல.” கேப்டன் சிரிக்காமலே சொன்னாள். “படகு ஓட்டறது என் வேலை மேடம். ஆளை அடைச்சு வைக்கறது இல்ல.”

வெளியே வந்து படித்துறைப் பலகையில் உட்கார்ந்தாள். தண்ணீர் தூண்களில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. அவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றால், வா என்று மட்டும் சொன்னால் போதாது. ஏன் வர வேண்டும் என்று தம்பி கேட்பான். அதற்கு அவளிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை ஆறு வருடமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தாள். அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டது அண்ணன் இல்லை, அவள்.

அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவர். சாப்பாட்டு மேசை நிறையப் பரீட்சைத் தாள்கள். படகைப் பற்றியும், தம்பியிடம் உண்மையைச் சொல்லப்போவதைப் பற்றியும் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த தாளுக்கு மதிப்பெண் போட்டு முடித்தார்.

“வேண்டாம் நடு. எனக்குப் பழகிடுச்சு.”

“அன்னைக்கே ஏன் நீ சொல்லல?”

“சொல்லியிருந்தா உன்கிட்டயும் பேச மாட்டான். அவனுக்குன்னு வந்து சாப்பிட ஒரு வீடாவது இருக்கட்டும்னு நெனச்சேன்.”

“நீ தாங்கினது போதும்ணா. நான் சொல்லிடறேன்.”

அண்ணன் சிவப்புப் பேனாவை மூடினார். “அவன் வந்தாலும் வராட்டியும் நான் வர்றேன். நம்ம வீட்டுல முதல் தடவையா ஒருத்தி தனக்குன்னு ஒண்ணு கேக்கறா.”

தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிறவன். மறுநாள் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில் இருந்தான். லிஃப்டைத்தான் அவன் கழற்றிப் போட்டிருந்தானே, அவள் படியேறித்தான் போக வேண்டியிருந்தது. மூச்சு வாங்க வந்து நின்ற அக்காவைப் பார்த்ததும் பதறி, கருவிப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான். அந்த அக்கறையே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

“அப்பாவோட ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான்டா.”

அவன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“அண்ணன் உனக்காகக் காத்திருக்கணும்னுதான் சொன்னார். உனக்குப் போன் பண்ணத்தான் வெளியே போனார். சாயங்காலத்துக்கு மேல தாங்காதுன்னு டாக்டர் சொன்னதும் எனக்குப் பயம் வந்துடுச்சு. போட்டுட்டேன். அவர் திரும்பி வந்து தாளைப் பாத்தார், ஒரு வார்த்தை சொல்லல. நீ அவரைத் திட்டினப்பவும் சொல்லல. நானும் நின்னு வேடிக்கை பாத்தேன்.”

“ஆறு வருஷம்” என்றான் தம்பி. “ஞாயித்துக்கிழமை தவறாம உன் வீட்டுலதான் சாப்பிட்டேன்.”

“ஆமா.”

“ஒவ்வொரு தடவையும் அவரைப் பத்திக் கேவலமாப் பேசுவேன். நீ சாதம் போடுவே.”

படகு, தேதி, நேரம் எழுதிய சீட்டை மோட்டார் மேடையின் விளிம்பில் வைத்தாள்.

“நீ போ அக்கா” என்றான், குரல் உயராமல். “பாத்து இறங்கு, அஞ்சாவது மாடியில லைட் இல்ல.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட வரவில்லை. கணவர் மூன்று தட்டு வைத்துவிட்டு, ஒன்றைச் சத்தமில்லாமல் எடுத்து வைத்தார். திங்களன்று பட்டியலைக் கேட்டுக் கேப்டன் கூப்பிட்டாள். பதினேழு பெயர்களைச் சொல்லிவிட்டுத் தயங்கினாள் நடு. தம்பி பெயரையும் சொன்னாள்.

“வருவாரா?”

“தெரியாது.”

“எழுதிக்கறேன். வரலைன்னா அன்னைக்குப் பேரை அடிச்சுடலாம்.”

வியாழக்கிழமை, கடையில் ஒருவருக்குக் காதுக்குப் பின்னால் கண்ணாடிக் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டார்.

“தம்பி போன் பண்ணினான்.”

அவள் கம்பியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“படகுல போனா வாந்தி வருமான்னு கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்னேன். அரை மணி நேரம் பேசினோம்.”

“என்னண்ணா பேசினீங்க?”

“வாந்தியைப் பத்தித்தான்” என்றார் அண்ணன். “வேற எதைப் பத்திப் பேசறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. போனை வைக்கவும் மனசு வரல.”

பிறந்தநாளன்று கடல் அமைதியாக இருந்தது. படித்துறையில் செருப்புகள் ஒரு கூடையில் குவிந்தன. கேப்டன் பெயர்களை வாசித்தாள். தம்பியின் பெயர் வந்தபோது, “இருக்கேன்” என்று அண்ணன் நின்ற பக்கத்திலிருந்து குரல் வந்தது. அவன் இவள் பக்கம் திரும்பவில்லை.

படகு கரையை விட்டு விலகியதும் இருவரும் முன்னால் போய் வலையில் உட்கார்ந்தார்கள். வலை அமுங்கியதில் அண்ணன் சரிந்து தம்பிமேல் விழுந்தார். அண்ணி, “எடையைக் குறைங்கன்னு எத்தனை நாளாச் சொல்றேன்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கேக் வெட்டினார்கள். தம்பி தன் துண்டை அண்ணியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

“உன்கிட்ட பேசலையா?” என்று கணவர் மெதுவாகக் கேட்டார்.

“இல்ல.”

“வருத்தமா இருக்கா?”

“இருக்கு” என்றாள் நடு. “அவன் பேசாம இருக்க வேண்டியது என்கிட்டத்தானே. இத்தனை நாள் ஆள் மாறிப் போச்சு.”

திரும்பும்போது காற்று கொஞ்சம் ஏறியது. அவள் பின்னால் ஓர் ஓரமாக உட்கார்ந்து, தள்ளித் தள்ளிப் போகும் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாரல் தோளில் அடித்தது. யாரோ வந்து நிற்பது தெரிந்தது.

“நனையறே. உள்ளே தள்ளி உக்காரு” என்றான் தம்பி. அக்கா என்று சேர்க்கவில்லை.

அவள் தள்ளி உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. அவன் உட்காரவில்லை, கூரைத் தூணைப் பிடித்துக்கொண்டு, கரை வரும் திசையைப் பார்த்தபடி அங்கேயே நின்றான்.