லெஸ்ரரில் கரண்ட் நின்ற அன்று

பேப்பர் ஆர்மாடா இசைக்குழுவின் டிரம்மர் இறந்துபோன செய்தியை வேரோனிக்கா பஸ்ஸில் வைத்துத் தொலைபேசியில் பார்த்தார். எல்ஸ்மியர் வீதியில் இறங்கவேண்டிய நிறுத்தம் கடந்துபோனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

எழுபத்துமூன்று வயது. தாதியாக வேலைசெய்து ஓய்வுபெற்றவர். கணவர் காலமான பிறகு டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக்கட்டடத்தில் தனியே இருக்கிறார். அந்தக் கட்டடத்தில் தமிழர் நிறையப் பேர். ஆனால் இளவயதில் தான் அந்த ஆங்கிலேய றொக் குழுவுக்குப் பைத்தியமாகத் திரிந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பாட்டு இருபது நிமிடம் போகும். ஓர்கன் தொடங்கும், புல்லாங்குழல் வந்து அதைக் குழப்பும், பிறகு டிரம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு எங்கோ போகும். அதை எப்படி ஒருவருக்கு விளங்கப்படுத்துவது?

சனிக்கிழமை மத்தியானம் டான்ஃபோர்த்தில் ஒரு இசைத்தட்டுக் கடையின் மேல்மாடியில், அந்தக் குழுவை எழுபதுகளில் நேரில் பார்த்தவர்கள் கூடுகிறார்கள் என்று செய்தியின் கீழே யாரோ எழுதியிருந்தார்.

செய்தி பார்த்த அன்று பின்னேரம், விட்பியில் இருக்கும் மகன் யூட்சன் தொலைபேசி எடுத்தபோது வேரோனிக்கா அதைச் சொன்னார்.

“றொக் ஷோ பாத்தனீங்களோ? நீங்களோ? ஆர் யூ சீரியஸ், அம்மா?”

“ஓம். மாமாதான் கூட்டிக்கொண்டு போனவர். சீமோன் மாமா.”

மறுமுனையில் சிரிப்பு நின்றது. சீமோனைப் பற்றி அந்த வீட்டில் இலேசாக யாரும் பேசுவதில்லை.

“நான் வந்து ஏத்திக்கொண்டு போகட்டே?”

“வேண்டாம். பஸ்ஸிலை போவன்.”

சீமோன் வேரோனிக்காவின் அண்ணன். இங்கிலாந்தில், லெஸ்ரர் நகரில் பொறியியல் படித்தவர். மன்னாரில் பேசாலை என்ற ஊரிலிருந்து தாதிப் பயிற்சிக்காக அங்கே போய் இறங்கிய தங்கைக்கும் அவளுடைய தோழி எமில்டாவுக்கும் அவர்தான் எல்லாம். குளிருக்குக் கோட் வாங்கிக் கொடுத்தவர் அவர். சம்பளத்தில் மிச்சம்பிடித்து இசைத்தட்டு வாங்கப் பழக்கியவரும் அவர்தான். எழுபத்தாறில் படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பினார். எண்பத்தைந்தில் ஒருநாள் மன்னாரிலிருந்து வவுனியாவுக்கு பஸ் ஏறினார். போய்ச் சேரவில்லை. எந்த இராணுவ முகாமிலும் எந்தப் பதிவுப் புத்தகத்திலும் பெயர் இல்லை. பிறகு வீடும் எரிந்தது. படங்களும் அதோடு போயின. எஞ்சியது ஒரு கடவுச்சீட்டுப் படம் மட்டும்.

கடையின் மேல்மாடியில் இருபது பேரளவில் இருந்தார்கள். பெரும்பாலும் கிழவர்கள். வயிற்றில் இறுகிப் பிடித்த கறுப்பு ரீ-சேர்ட். சிலர் நரைத்த முடியைப் பின்னால் கட்டியிருந்தார்கள். ஒருவர் ஊன்றுகோலோடு வந்திருந்தார். வேரோனிக்கா கத்தரிப்பூ நிறச் சல்வார் போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் நடக்கும் ஏதோ வகுப்புக்கு வந்த அம்மா வழிதவறி வந்துவிட்டார் என்று நினைத்தோ என்னவோ, ஒருவர் அவருக்கு வாசலைக் காட்டப் பார்த்தார்.

ஒவ்வொருவராக எழும்பிச் சொன்னார்கள். ஹாமில்டனில் மழைக்குள் விடியவிடிய வரிசையில் நின்றதாக ஒருவர். பழைய ஹொக்கி அரங்கில் டிரம்மருடைய தடி பறந்துவந்து தன் மடியில் விழுந்ததாக இன்னொருவர். தம்பியோடு போனேன், தம்பி இப்போது இல்லை என்று சொன்னவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. செத்தவீட்டில் இருப்பதுபோலத்தான் இருந்தார்கள்.

கூட்டத்தை நடத்திய கிரெக் என்ற உயரமான மனிதர் வேரோனிக்காவைப் பார்த்து, நீங்கள் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார்.

“லெஸ்ரரில்,” என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். “எழுபத்திரண்டு பெப்ரவரி. கரண்ட் நின்ற அன்று.”

எல்லாத் தலைகளும் திரும்பின.

அவர் சொன்னார். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். இங்கிலாந்து முழுவதும் முறைவைத்து மின்சாரம் வெட்டிய காலம். நீண்ட பாட்டின் நடுவில் வெளிச்சம் போனது. காற்று இறங்குவதுபோல ஓர்கனின் ஒலி தாழ்ந்து தாழ்ந்து செத்தது. கிற்றார் இல்லை, பாட்டு இல்லை. ஆயிரம் பேர் இருட்டுக்குள் அசையாமல் நின்றார்கள். டிரம்மர் மட்டும் நிறுத்தவில்லை. எந்த ஒலிபெருக்கியும் இல்லாமல், வெறுங் கையும் தடியுமாக, தனியே அடித்துக்கொண்டே இருந்தார். ஆட்கள் நெருப்புக்குச்சி உரசினார்கள். அந்த வெளிச்சத்தில் ஒரு வெள்ளைச் சேர்ட்டின் கை மட்டும் மேலே போய் வருவது தெரிந்தது.

கிரெக்கின் முகம் மாறிவிட்டது. அந்த இரவுக்கு ஒரு ஒலிப்பதிவு இருக்கிறது என்றார். யாரோ ஒரு ரசிகர் பற்றரியில் ஓடும் கசெற் றெக்கோடரைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு போயிருக்கிறார். ரசிகர்கள் ஐம்பது வருடமாக அதைப் படியெடுத்துக் கைமாற்றி வருகிறார்கள். டிரம் தனியே போகும் இடத்தில் மைக்குக்குப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் பேசுவது கேட்கும். என்ன மொழியென்று யாருக்கும் தெரியாது. இத்தாலியன் என்றார்கள், வெல்ஷ் என்றார்கள். விளங்கியது ஒரு பெண்ணின் பெயர் மட்டும்: ஏமி.

“கேட்கிறீர்களா?”

வேரோனிக்கா தலையசைத்தார்.

முதலில் இரைச்சல். பிறகு டிரம், தூரத்தில், ஆனால் தெளிவாக. அதன் மேல் ஒரு குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசும் குரல்.

“எமி, கையைத் தா. பயப்பிடாதை. அவன் நிப்பாட்டேல்லை, கேள்… தங்கச்சியையும் பிடி, விழுந்திடுவாள்.”

வேரோனிக்கா முன்னால் இருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார். கிரெக் நிறுத்தப் போனார்.

“நிறுத்தாதீர்கள்,” என்றார். “அது என் அண்ணன்.”

வீட்டுக்குப் போகும்வரை அழுதார். அழுகை ஓய்ந்த பிறகுதான் அந்தப் பெயர் உறைத்தது. எமில்டாவை யாரும் எமி என்று கூப்பிட்டதில்லை. எமில்டாவின் தாய்கூட இல்லை.

அடுத்த ஞாயிறு யூட்சனின் காரில் மிசிசாகாவுக்குப் போனார். எமில்டாவின் கணவர் அமிர்தநாதர் கதவைத் திறந்தார். யூட்சன் தேத்தண்ணிகூடக் குடிக்காமல், கடைக்குப் போய்வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டான். வேரோனிக்கா தொலைபேசியை மேசையில் வைத்து, கிரெக் அனுப்பியிருந்த ஒலிப்பதிவைப் போட்டார்.

“எமி, கையைத் தா…”

எமில்டா வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். குரல் ஓய்ந்து டிரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அமிர்தநாதர் எழும்பி மனைவிக்குப் பின்னால் போய் நின்றார்.

“இது எனக்குத் தெரிஞ்ச கதைதான், வேரோனிக்கா,” என்றார் மெதுவாக. “கலியாணத்துக்கு முந்தியே சொல்லிப்போட்டா.”

“அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது.”

“உனக்கு என்னெண்டு சொல்லுறதடி?” என்றார் எமில்டா. “ஊருக்குப் போகேக்கை என்னையும் வரச்சொல்லிக் கேட்டவர். நான் திரும்பிப் போகமாட்டன் எண்டன். தான் அங்கைதான் இருப்பன் எண்டார். ஒருத்தரும் விட்டுக்குடுக்கேல்லை. அவ்வளவுதான்.”

“அண்ணை காணாமல் போனாப் பிறகாவது சொல்லியிருக்கலாமே?”

“நீயும் அம்மாவும் தேடிக்கொண்டு திரிஞ்சனீங்கள். நான் இன்னொருத்தற்றை பெண்சாதி. அதுக்குள்ளை நானும் வந்து நிண்டு அழுறதே?” எமில்டா கண்ணைத் துடைத்தார். “ஒண்டு மட்டும் செய்தனான். ஒவ்வொரு நவம்பரும் எங்கடை கோயிலிலை மரித்தோர் பூசைக்கு அவற்றை பேர் குடுக்கிறனான்.”

வேரோனிக்கா எழும்பிவிட்டார்.

“என்ன சொல்லுறாய்? கண் மூடுமட்டும் அம்மா அவற்றை பேரைச் செத்தவையோடை சேர்க்க விடேல்லை. பாதர் கேட்டும் விடேல்லை. நீ ஆர் அவரைச் சாகக் குடுக்க?”

வேரோனிக்கா சப்பாத்தைச் சரியாகப் போடாமலே படியிறங்கி, வெளியே யூட்சனுக்காக நின்றார். அமிர்தநாதர் அவர் விட்டுவந்த சால்வையை எடுத்துவந்து தோளில் போட்டுவிட்டுப் போனார்.

பிறகு இரண்டு பெண்களும் பேசவில்லை. இலை கொட்டும் காலம் வந்தது. வேரோனிக்கா ஒவ்வொரு நாளும் சமைக்கும்போது அந்த ஒலிப்பதிவைப் போட்டுவிடுவார். முதலில் சொற்களுக்காகக் கேட்டார். பிறகு குரலுக்காக. சொல்லித் தீர்ந்த சொற்கள்தான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் புதிதாக எதையோ சொல்லப்போவதுபோல இருந்தது.

ஒரு காலை வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது அவருக்கு ஒன்று விளங்கியது. அண்ணன் உயிரோடு இருந்தால் எண்பதை நெருங்கியிருப்பார். முதுகு வளைந்திருக்கும், குரல் நடுங்கும். அப்படியொரு கிழவரை வேரோனிக்கா ஒருநாளும் நினைத்துப் பார்த்ததேயில்லை. எந்தத் தொலைக்காட்சிச் செய்தியில் கூட்டத்தைக் காட்டினாலும் அவர் கண் தேடியது இந்தக் குரலுக்குரிய இளைஞனைத்தான். அப்படியொருவர் இனி எங்கேயும் இல்லை. அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் அம்மா சாகும்வரை மறுத்திருப்பார்.

அவர் கத்தியை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். அழுகை வரவில்லை. களைப்பாக இருந்தது. தூரப் பயணம் போய்வந்து பெட்டியைக் கீழே வைத்ததுபோல.

கையைத் துடைத்துக்கொண்டு எமில்டாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“இந்த வருஷம் பேர் குடுத்திட்டியோ?”

“இல்லை,” என்றார் எமில்டா. “நீ அப்பிடிச் சொன்னாப் பிறகு குடுக்க மனம் வரேல்லை.”

“நான் வாறன். சேர்ந்து குடுப்பம்.”

நவம்பர் தொடக்கத்தில் மிசிசாகாக் கோயிலில் பூசை நடந்தது. வெளியே ஈரமும் காற்றும். உள்ளே ஆட்கள் மேற்கோட்டைக் கழற்றாமல் நின்றார்கள். பாதர் பெயர்களை மெதுவாக வாசித்தார். பேசாலை, மாதகல், நெடுந்தீவு என்று ஒவ்வொரு பெயரோடும் ஊரும் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எங்கோ ஒரு குடும்பம் தலைகுனிந்தது. “பேசாலை, சீமோன்” என்றபோது வேரோனிக்கா சிலுவை போட்டுக்கொண்டார். எமில்டா அவருடைய முழங்கையைத் தாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பூசை முடிந்து வந்தபோது அமிர்தநாதர் காரைச் சூடாக்கிக்கொண்டு வாசலில் நின்றார். எமில்டா முன்கதவைத் திறந்து கைப்பையை ஆசனத்தில் வைத்துவிட்டு, சுற்றிவந்து பின்னால் வேரோனிக்காவுக்குப் பக்கத்தில் ஏறினார்.

“நேரை டோர்செட் பார்க்குக்கு விடுங்கோ,” என்றார் கணவரிடம். “நான் இண்டைக்கு இவளோடை நிக்கிறன்.”

அமிர்தநாதர் காரை எடுத்தார்.