பில்டரில் இருந்த பல் தடம்

கிள்ளானில் கல்யாணமோ காதுகுத்தோ சாவோ, எது நடந்தாலும் வாடகைக் கூடாரத்தையும் நாற்காலிகளையும் சுமந்துகொண்டு முதலில் போய் நிற்பது எங்கள் ஃபோர்வீல்தான். பழைய டீசல் வண்டி. அதற்கு ஆயிலும் பில்டரும் மாற்றுவது என் வேலை. வொர்க்‌ஷாப்பில் விட்டால் அவன் மாற்றினானா, துடைத்து வைத்தானா என்று எனக்குத் தூக்கம் வராது.

இந்த வண்டியைச் செய்த மகராசன் ஆயில் பில்டரை ஓர் இடுக்கில் கொண்டுபோய் மாட்டியிருக்கிறான். கீழே மல்லாந்து படுத்து வலது கையை மேலே நுழைத்தால்தான் எட்டும். இடது கையை விட்டால் முழங்கை முட்டும்.

என் வலது கை போன வருடம் ஸ்ட்ரோக்கில் விழுந்துவிட்டது. இப்போது சோறு பிசையும், சட்டைப் பொத்தான் போடாது. வண்டியை என் மனைவி தாமரைதான் ஓட்டுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பிரேக் இல்லாத இடத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டு வருகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவை பில்டர் மாற்றியபோது அவளிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

"இது ஒழுகுச்சின்னா வண்டிய வித்துடுவேன். தொழிலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

பில்டரை ஸ்பேனர் போட்டு இறுக்கக் கூடாது. ரப்பர் வளையம் தொட்டபிறகு வெறுங்கையால் முக்கால் சுற்று, அவ்வளவுதான். அதைத்தான் அந்தக் கையால் செய்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் கீழே ஒரு சொட்டு இல்லை. எனக்கு வந்த திமிரைச் சொல்லி மாளாது. சனாவுல்லா கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் குடிக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கையைத் தூக்கிக் காட்டிக் கதை அளந்தேன். அவரும் பாவம், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

போன சனிக்கிழமை மறுபடியும் மாற்ற வேண்டி வந்தது. மறுநாள் ஷா ஆலமில் ஒரு கல்யாணம். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பழைய ஆயிலைக் கீழே வைத்த பேசினில் இறக்கிவிட்டு, அட்டையை விரித்துக் கீழே போனேன். பில்டர் அசையவே இல்லை.

"என்னாங்க, வரலையா?" என்றாள் தாமரை.

"வரும் வரும். போன தடவ நான் இறுக்குன இறுக்கு அப்படி!"

இப்படிப் பீற்றிக்கொண்டால் அவள் சும்மா விடுகிறவள் இல்லை. அன்றைக்குத் துடைக்கிற துணியைத் தேட ஆரம்பித்தாள்.

கழற்றுவதற்கு என்று வார் போட்ட ஸ்பேனர் ஒன்று வைத்திருக்கிறேன். வாரை வலது கையால் பில்டரில் மாட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியை இடது கையால் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். கழன்றது. கறுப்பு ஆயில் முழங்கைவரை வழிந்தது. வெளியே வந்து பில்டரைத் துடைத்தபோதுதான் பார்த்தேன். தகரத்தில் இரண்டு பக்கமும் பைப் பிளையரின் பல் தடம், ஆழமாகப் பதிந்திருந்தது.

"தாமரை, இது என்னா?"

அவள் மழுப்பவில்லை. "நான்தான். நீங்க குளிக்கப் போனப்ப."

"ஏன்?"

"ஒழுகுச்சு. கோடா எறங்குச்சு. உங்ககிட்ட சொன்னா வித்துடுவீங்க. வித்துட்டு அந்த சோஃபாவுலயே உக்காந்திருப்பீங்க. அத நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? முடியாது லா."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இத்தனை மாதமாக நான் அளந்த கதையெல்லாம் இவள் பிளையரின் கதை. ஆனால் பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்கிறவள், எனக்காக வண்டிக்கு அடியில் ஊர்ந்து போயிருக்கிறாள். இவளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் முழுசாகக் கோபப்படக்கூட முடியவில்லை.

"இன்னிக்கு நீ தொடக் கூடாது."

"தொடல."

"ஒழுகுனா மறைக்கக் கூடாது."

அவள் உள்ளே போய்ப் பைப் பிளையரை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். "நீங்களே வச்சுக்குங்க. ஒழுகுனா வித்துடுவீங்களா?"

பிளையரை ஓரமாக வைத்தேன். புது பில்டரின் ரப்பரில் விரலால் ஆயிலைத் தடவிக்கொண்டு கீழே போனேன். மரை பிடித்தது. ரப்பர் தொடும்வரை சுலபமாகச் சுற்றியது. அப்புறம் கட்டை விரல் வழுக்கியது. துடைத்தேன், திருகினேன், மறுபடி வழுக்கியது. முடிந்தமட்டும் திருகிவிட்டு வெளியே வந்தேன். அவள் புது ஆயிலை ஊற்றி இன்ஜினைப் போட்டாள். குனிந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவளே இறங்கிவந்து, கைபேசி விளக்கை அடித்துக்கொண்டு அட்டையில் படுத்தாள்.

"ஏங்க."

"ம்."

"ஒழுகுது."

ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து எல்லாரும் என்னிடம் நல்லாயிருக்கு, தேறிவருது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இப்படி முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. வலித்தது.

"எவ்வளவு?"

"சொட்டு சொட்டா. கொஞ்சந்தான். இன்ஜின அடைச்சுட்டு வாங்க, நான் லைட்டு புடிக்கிறேன்."

அவள் வெளியே வரவில்லை. அட்டையில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் இன்ஜினை அடைத்துவிட்டுப் போய் அவள் பக்கத்தில் படுத்தேன். பிளையரைக் கொண்டுபோகவில்லை. பழைய துணியை பில்டரில் சுற்றிப் பிடித்தேன். அவள் விளக்கைத் தவிர எதையும் தொடவில்லை.

"இன்னும் கொஞ்சம்," என்றாள்.

"கை வரல தாமரை."

"வரும். அவசரமில்ல, நாளைக்குத்தானே கல்யாணம்."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே திருகினேன். பில்டர் நெல்லளவு நகர்ந்தது. மூச்சு வாங்கினேன். மறுபடி நெல்லளவு. அப்புறம் நின்றுவிட்டது. அதற்குமேல் அது போகாது, போகவும் வேண்டாம்.

அவள் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஏறி இன்ஜினைப் போட்டாள். இந்தத் தடவை நான் கீழேயே படுத்திருந்தேன். விளக்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

"என்னா ஆச்சு? ஒழுகுதா?" என்று மேலேயிருந்து கத்தினாள்.

நான் சொன்னால் நம்புவாள். ஆனால் எனக்கு அவள் சொல்லிக் கேட்க வேண்டும்போல இருந்தது. அட்டையில் நகர்ந்து இடம் விட்டேன்.

"நீயே வந்து பாத்து சொல்லு," என்றேன்.